லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலி

தலைமை நாற்காலிக்குத் தம் தகுதியால் அழகு சேர்க்கும் எங்கள் தலைமை மருத்துவர் அவர்களே! மேடைக்கு மெருகூட்டும் மேலாளர் அவர்களே! சோதனைக்கூடத்தின் சோர்வறியாத் தோழர்களே! அலைச்சலைப் பாராமல் வந்து அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வரவேற்பு மேசைக்காரியின் வணக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று நாம் பாராட்டுவது நம் கணினிப் பொறுப்பாளரை. அப்படிச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. பூட்டக்கா என்றால்? பார்த்தீர்களா, பின்வரிசையிலேயே கைதட்டல் வந்துவிட்டது.

ஏன் அந்தப் பட்டம்? குருதியைச் சோதித்துக் குறை சொல்லும் கூடம் நம்முடையது. கணினிக்குக் கடவுச்சொல், கதவுக்குக் காவலாளி, கண்காணிக்கக் கேமரா! ஆனால் அத்தனை பேரின் அந்தரங்கத்தையும் அச்சடித்துத் தந்த பிரிண்டருக்கு? தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி, பொட்டு வைத்தது போல அதன் நெற்றியிலேயே ஒட்டியிருந்தோம். முன்வாசலுக்கு மூன்று பூட்டு, கொல்லைக் கதவோ திறந்தே கிடந்தது.

அக்கா வந்தார். சீட்டைக் கிழித்தார். கடவுச்சொல்லை மாற்றினார். வெளியிலிருந்து இணையம் வழியாக எவரும் தொட முடியாதபடி அடைத்தார். பக்கத்தில் போய் நின்று நம் எண்ணை அழுத்தினால்தான் தாளே வரும் என்றார். எவ்வளவு ஏச்சு! “பேப்பர் எடுக்கக்கூட பாஸ்வேர்டா? நாளைக்கு பாத்ரூமுக்கும் வைப்பாங்க போல” என்றார் ஒருவர். ஐயா, தலையைக் குனியாதீர்கள், நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லையே. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அக்கா சிரித்துக்கொண்டே தன் வேலையைப் பார்த்தார்.

பிறகு ஒரு காலையில் எதிர்க் கட்டிடத்து அலுவலகத்தில் பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது. எங்கோ இருந்த எவனோ உள்ளே புகுந்து, வசவையும் மிரட்டலையும் தாள் தீரும்வரை அடித்துத் தள்ளினான். அதன் நெற்றியிலும் அதே பொட்டு! அன்றோடு நம் ஏச்சு அடங்கியது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. நம் பழைய பிரிண்டர் வாடகைக்கு எடுத்தது. அதைத் திருப்பிக் கொண்டுபோக, சொன்ன நாளுக்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். லிஃப்ட் வரை உருட்டியும் விட்டார்கள். அக்கா ஓடி வந்தார். லிஃப்ட் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

“அடிச்ச பேப்பரோட நகல் எல்லாம் உள்ள டிஸ்க்ல இருக்கு சார். அழிக்காம அனுப்ப மாட்டேன்.”

மேலாளருக்குக் கோபம். “வெறும் பெட்டிம்மா அது. வண்டி காத்துக்கிட்டு நிக்குது.”

அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. அங்கேயே மின்சாரம் கொடுத்து, சேமித்தவற்றின் பட்டியலைத் திரையில் திறந்தார். “இதுல என்ன வரப்போகுது?” என்று மேலாளரே ஒரு பொத்தானை அழுத்தினார். சிரிக்கிறார் பாருங்கள் மேடையில், பெருந்தன்மைக்காரர். தாள் வந்தது. வந்த தாளின் மேல் அக்காவின் உள்ளங்கை விழுந்தது. மேலிருந்த பெயரை மட்டும் பார்த்து, வேறு எவர் கண்ணும் படும் முன் நாலாக மடித்தார். கூட்டத்தில் நின்ற என் கையில் வைத்தார்.

“உங்க லீவு பேப்பர் போல, இதுக்குள்ள இருந்துச்சு.”

அது விடுப்புத் தாள் அல்ல. இன்று இந்த மேடையில் முதல்முறையாகச் சொல்கிறேன். என் மார்பில் கட்டி, அது புற்று என்று வெளி மருத்துவமனை சொன்ன, நான் இங்கே அச்சடித்துக்கொண்ட என் சோதனை முடிவு. அப்போது அதை வீட்டில் எவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

தாளைப் பிரித்த என் முகத்தை மேலாளர் பார்த்தார். “அழிங்கம்மா, வண்டி நிக்கட்டும்” என்றார். அழித்து முடியும்வரை அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்தத் தாள் வேறு கைக்குப் போயிருந்தால்? சேதி அக்கம்பக்கம் பரவி, அரைகுறையாய்த் திரிந்து, அழுகையாய் என் வீட்டுக்குள் நுழைந்திருக்குமே! அப்படி நடக்கவில்லை. என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நானே சொன்னேன். “பயப்படாதம்மா, நான் இருக்கேன்” என்று அவள் எனக்குச் சொன்னாள். சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன். அவளும் முதல் வரிசையில் இருக்கிறாள்.

பூட்டக்கா, நீங்கள் பூட்டியது ஒரு பெட்டியை. எனக்குக் கிடைத்தது, என் மகளிடம் என் வாயால் சொல்லும் உரிமை. அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் அதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பேச விட்ட தலைவருக்கும் பொறுமை காத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம். மகளே, மாலையை எடுத்து வா. அக்காவுக்கு நீதான் போட வேண்டும்.