நாற்பத்து நான்காவது கட்டுரை

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மூத்த மருத்துவர்களே, செவிலியர் சகோதரிகளே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, அவர்களுடைய ஒரே மகளே, இருமிக்கொண்டே வந்து ஓடிக்கொண்டே திரும்பிப் போன பிள்ளைகளே, அவர்களைத் தோளில் தூக்கி வந்த தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பத்தொரு வருடமாக நான் சத்தம் போட்டுப் பேசிய ஒரே வசனம், "மூச்ச நல்லா இழு... ஊது, ஊது, ஊது, இன்னும் ஊது!" என்பதுதான். நான் மூச்சுப் பரிசோதனை அறையின் டெக்னீசியன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஊதல் மாமா. கடைசியில் டாக்டரம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தலைவர் அவர்கள் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், அது போதாது.

வாசலில் டாக்டரம்மாவின் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். "தொற்றுநோய்கள், ஆஸ்துமா குறித்து நாற்பத்து மூன்று ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டவர்." படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பத்து மூன்றா? அவர் வெளியிட்டது நாற்பத்து நான்கு! அந்த ஒன்று எங்கே போனது? யாரும் மறந்துவிடவில்லை, தெரிந்தேதான் விட்டிருக்கிறீர்கள். போய்ச் சேர்ந்தவரின் பெயரில் இருக்கும் கறையை இன்றைக்குக் கிளறுவானேன் என்று நல்ல மனதோடு விட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கிளறத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் அவர் எப்படி வேலை செய்வார் என்று ஒன்று சொல்கிறேன். "குழந்தைக்கு இருமல்" என்று எந்தத் தாய் வந்தாலும், ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்க மாட்டார். "எப்படி இருமுதுன்னு இருமிக் காட்டுங்கம்மா" என்பார். வெட்கப்படுவார்கள். இவரே முதலில் ஒன்று இருமிக் காட்டுவார். கக்குவான் இருமல் ஒரு மாதிரி, ஆஸ்துமா இருமல் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் இருமல் ஒரு மாதிரி! வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே என்ன கூத்து நடக்கிறது என்றே புரியாது. தாய் இருமிக் காட்டுவதை வைத்தே நோயை எத்தனை தூரம் பிரித்தறியலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுக்கப் படித்தார்கள். இதோ முன்வரிசையில் இருக்கும் அவர் கணவர் ஒருநாள் என்னிடம் புலம்பினார், "வீட்லயும் கண்ணாடி முன்னாடி நின்னு இருமுறாங்க. எது நெஜ இருமல், எது ஆராய்ச்சின்னு எனக்குத் தெரியலப்பா."

சிரியுங்கள், பரவாயில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

இனி அந்த விடுபட்ட கட்டுரை. நிமோனியாவும் காசநோயும் வந்து குணமான பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் ஆஸ்துமா வருகிறதா என்று அறுநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைச் சோதித்தோம். பாதிப் பேர் நோய் வந்து குணமானவர்கள், மீதிப் பேர் நோயே வராதவர்கள். குழாயில் வாய் வைத்து ஊத வேண்டும், காற்று எத்தனை வேகமாக வருகிறது என்று கருவி காட்டும், அவ்வளவுதான். நோய் வந்தவர்கள் ஊதும்போது மட்டும், கிருமி ஏதும் மிச்சமிருந்தால் கருவிக்குள் போகக் கூடாதென்று நடுவில் வெள்ளையாக, வட்டமாக ஒரு ஃபில்டர் மாட்டுவோம். டாக்டரம்மா தன் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டிய தாளில் மூன்றாவது வரி: "ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபில்டர்."

நான் என்ன செய்தேன்? ஒரு நாளைக்கு ஒரு ஃபில்டர் மாட்டினேன். ஸ்டோரில் போய்க் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், இங்கே வரிசை வாசல் வரை நிற்கும். வாயில் வைக்கும் குழாயைத்தான் மாற்றுகிறோமே, ஃபில்டருக்கு என்ன கேடு என்று எனக்குள் ஒரு மேதாவித்தனம். பிள்ளைகளின் மூச்சில் இருந்த ஈரம் ஏறி ஏறி, மத்தியானத்துக்குள் அந்த ஃபில்டர் பாதி அடைத்துக்கொள்ளும். அடைத்த ஃபில்டர் வழியாக ஊதினால் யாருக்குத்தான் காற்று வேகமாக வரும்?

இது தெரியாமல் கணக்குப் போட்டோம். தொற்று வந்த பிள்ளைகளில் பாதிக்குப் பாதி பேருக்கு மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, ஆஸ்துமா தொடங்கிவிட்டது என்று வந்தது. கட்டுரை வெளியானது. ஆஹா, என்ன பாராட்டு! எத்தனை கைத்தட்டல்! பிள்ளைகளுக்கு மருந்தும் எழுதப்பட்டது.

ஒரு வருடம் கழித்து ஒரு தாய் அண்ணனையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நோய் வந்தது அண்ணனுக்கு. தங்கைக்கு ஒன்றும் கிடையாது. அவள் தரையில் உட்கார்ந்து ஒரே அழுகை. "அண்ணனுக்கு மட்டும் வெள்ளச் சக்கரம் மாட்டுறீங்க, எனக்கு ஏன் இல்ல?" சனியன், மாட்டித் தொலைக்கலாம் என்று அண்ணன் ஊதிய அதே ஃபில்டரை மாட்டினேன். ஊதினாள். மணி மாதிரி இருந்த பிள்ளைக்கு ஆஸ்துமா என்று கருவி சொன்னது! நானே ஊதினேன். எனக்கும் ஆஸ்துமா! ஆளுக்கொரு புது ஃபில்டரைப் பிரித்து மாட்டி அவளும் நானும் ஊதினோம். இரண்டு பேருக்கும் ஒன்றுமே இல்லை.

ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பத்தாம் நாள் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா நான் எடுத்துப்போன அந்தப் பழைய ஃபில்டரை வாங்கித் தானே மாட்டி ஊதிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பெயர் என்ன ஆகும் என்று கேட்டாரா? என்னைத் திட்டினாரா? அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தன புள்ளைங்களுக்கு வேண்டாத மருந்து எழுதியிருக்கேன் மாமா?"

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார். "என் பேரப் போடுங்கம்மா, தப்பு பண்ணது நான்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கட்டுரை வந்தப்ப உங்க பேரு அதுல இருந்துச்சா? இல்லல்ல? மால எனக்கு, அடி உங்களுக்கா? செவுத்துல தாள ஒட்டினேனே, ஒருநாளாவது பக்கத்துல வந்து நின்னு பாத்தேனா? உங்க வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்காங்க. வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "பரிசோதனை நடந்த முறையை நான் நேரில் கவனிக்கத் தவறினேன். பிழை என்னுடையது."

அதோடு மாநாட்டு அழைப்புகள் நின்றன. அவருக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி வேறு ஒருவருக்குப் போனது. கேன்டீனில் "வாபஸ் டாக்டர்" என்று பேசிச் சிரித்தார்கள். அடுத்த மேசையில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நானெல்லாம் ஒரு மனிதன்!

அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. கருவியை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் வீடு வீடாகப் போனோம். இரண்டு வருடம் ஆனது. ஒரு வீட்டில் தகப்பனார் வாசலிலேயே நிறுத்திக் கத்தினார். "அன்னிக்கு ஆஸ்துமான்னீங்க. இன்னிக்கு மறுபடியும் ஊதச் சொல்றீங்க. வெளையாடுறீங்களா?" டாக்டரம்மா சொன்னார், "அன்னிக்கு நான் சொன்னது தப்பா இருக்கலாங்க. அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்." அந்த மனிதர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மருந்தை நிறுத்தினார்கள். உண்மையிலேயே ஆஸ்துமா இருந்த நாற்பது பேரும் அப்போதுதான் சரியாகத் தெரிந்தார்கள். அதையும் எழுதி வெளியிட்டார். அதற்குக் கைத்தட்டல் இல்லை.

டாக்டரம்மாவின் மகளே, இனி உன்னிடம் பேச வேண்டும். நீ எட்டாவது படிக்கும்போது ஒருநாள் சீருடையோடு என் அறைக்கு வந்து நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "மாமா, அம்மா பொய்க் கணக்கு எழுதினாங்களா?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் பெரியவங்க விஷயம், நீ வீட்டுக்குப் போ பாப்பா" என்றேன். பத்தொன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன். இல்லம்மா. உங்க அம்மா ஒரு வரிகூடப் பொய் எழுதல. தப்பு பண்ணது இந்த மாமா. உங்க அம்மா அதத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. என்ன மன்னிச்சிடு.

வாயைத் திறக்கக் கூடாது என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்னதை நான் இரண்டாவது முறையாக மீறுகிறேன். முதல் முறை, அந்த மூன்றாவது வரி.

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசலில் இருக்கும் எண்ணைத் திருத்துங்கள். நாற்பத்து நான்கு என்று எழுதுங்கள். வாபஸ் வாங்கிய கட்டுரையையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து எங்கள் அறைச் சுவரில், அந்தப் பழைய தாளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். நான் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் அதன் கீழே என் பெயரை நானே எழுதுவேன். என் இடத்துக்கு வருகிறவர் முதல் நாள் படிக்க வேண்டியது அதுதான்.

போன மாதம் டாக்டரம்மா மூச்சு வாங்கிப் படுத்திருந்தபோது, கருவியை அவர் கட்டிலுக்கே கொண்டுபோனேன். குழாயை வாயருகே நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"ஃபில்டர் புதுசா மாமா?"

பிரித்த உறையை எடுத்துக் காட்டினேன். ஊதினார். கருவி காட்டிய எண்ணை நான் மறைக்கப் பார்த்தேன். திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தத் தடவ ஃபில்டர் மேல பழி போட முடியாது. நம்பர் சரியாத்தான் இருக்கு. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். எண்ணை மாற்றவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு எங்கள் அறை திறந்திருக்கும். பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள். பதினேழு ஃபில்டர்களை எண்ணி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன், டாக்டரம்மா.