வாசலைப் பார்த்த செருப்பு

இரவு பதினொன்று. நாகசாகியில் மருயாமா மேட்டுச் சாலை... மழை. ஈ காக்கை இல்லை.

என் சிநேகிதி ஹருமியின் சித்தி தோமியேவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

மேட்டு உச்சியில் ஹமானோயா. முந்நூறு வருஷத்து உணவகம். சீனாக்காரனின் வட்ட மேசை, போர்த்துக்கீசியனின் பொரியல், இந்த ஊர்க் கடல் மீன்... எல்லாம் ஒரே பந்தியில். சித்தி பரிமாறுகிறவள். விருந்தாளி கிளம்பும்போது செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பதும் அவள்தான். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன.

"முடியலம்மா, என்னை விட்டுடுங்க" என்று முதலாளியம்மாவிடம் கெஞ்சுவாள்.

"ஒரு நாள் உன்னை விருந்தாளியா உக்கார வச்சு அனுப்புறேன், போ" என்பாள் அவள். அனுப்பவில்லை. அந்த வசந்தத்தில் முதலாளியம்மாவே செத்துப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே ஒரு வழக்கம். முதலில் மீன் துடுப்பு சூப். முதலாளியம்மா சொன்னால்தான் தொடலாம். கடைசியில் சிவப்புப் பயற்றுப் பாயசம், உப்பில் போட்ட செர்ரிப் பூ மிதக்கும். அதைக் குடித்தால் பந்தி முடிந்தது. எழுந்து போகலாம்.

அந்த மழை ராத்திரி எல்லாரும் போனபின் சித்தி மேசையைத் துடைத்தாள். கால் கடுத்தது. கொஞ்ச நேரம்... என்று விருந்தாளி மெத்தையில் உட்கார்ந்தாள்.

டக்.

எதிரே கிண்ணம். ஆவி. மீன் வாசனை. முதுகுப் பக்கம் பட்டுடை உரசும் சத்தம்... ஸ்ஸ்...

"சூப்பை எடுத்துக்கோங்க."

எத்தனை வருஷம் கேட்ட குரல்! கை தானாகப் போனது. குடித்துவிட்டாள். அப்புறம்தான் அது செத்தவள் குரல் என்று உறைத்தது. வெறுங்காலோடு மழையில் ஓடினாள்.

வேலையை விட்டாள். மறுநாள் ஆள் அனுப்பித் தேடியும் செருப்பு கிடைக்கவில்லை. அதன்பின் பயற்றுப் பாயசம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"சூப்பைக் குடிச்சு பந்தியை ஆரம்பிச்சு வச்சுட்டேன்டி. அதையும் குடிச்சா முடிஞ்சிடும்."

"அப்ப குடிக்காதீங்க சித்தி, அவ்வளவுதானே!"

சாவுக்குப் பயம். ஆனால் தூக்கமும் இல்லை, பாவம். போன மாசி மாதக் குளிரில் ஒரு ராத்திரி சொன்னாளாம்: "அசதியா இருக்குடி ஹருமி. எத்தனை நாள்தான் பந்தியிலேயே உக்காந்திருக்கிறது?"

விடியும்போது போய்விட்டாள். வேலை முடிந்தவளின் முகம். தலைமாட்டில் ஒரு சிவப்புக் கிண்ணம்... அடியில் பூ ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் யாரும் பயறு வேகவைக்கவில்லை.

அக்கம்பக்கத்தைக் கூப்பிட ஹருமி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே மழையே இல்லை. நிலைப்படிக்கு உட்புறம், சித்தியின் அந்தத் தொலைந்த செருப்பு, சொட்டச் சொட்ட நனைந்து... வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது.