மாட்டுத்தோலு வாரு

செயினு வேணாம்ங்கிறேன்ல அண்ணே, அத உள்ள எடுத்து வைங்க. பளபளன்னுதான் இருக்கு, யாரு இல்லேன்னா? எங்க வீட்டுக்காரரு காலையில வந்து எவர்சில்வர் செயினுதான் போடணும்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. இப்ப பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துக்கிட்டு என்னைய இங்க அனுப்புனதும் அதுக்குத்தான். ஆனா வாச்சு என் கையிலல்ல கெடக்கு. தோலு வாருதான் மாட்டணும். நல்ல மாட்டுத்தோலாப் பாத்து எடுங்க.

இது என்னது, மோந்து பாத்தா மண்ணெண்ண வாடை அடிக்குது. ரெக்சினா? அது யாருக்கு வேணும்? இது ஆட்டுத்தோலா, இதையும் வைங்க. எட்டத்துல நிக்கிறவன் பாத்தாக்கூட மாட்டுத்தோலுன்னு தெரியணும். சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வயிறு எரியுது, நீங்க சிரிக்கிறீங்க. இந்த ஊரு மஞ்சுக்குத் தோலு பூசணம் பூக்குமா? பூக்கட்டும். தொடச்சுட்டுக் கட்டிக்கலாம்.

பழைய வாரு என்னாச்சா? அறுத்துப்புட்டாங்க. எங்க சம்மந்தகாரி, விசாலாட்சின்னு பேரு, அந்தம்மா அருவாமனையில வச்சு அறுத்துச்சு. பழனியில கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்குற குடும்பம். எங்க மக அன்னக்கொடிய போன வருசம் தையில அங்கதான் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு வாச்சு போடணும்னு கேட்டதே அவங்கதான். எங்க வீட்டுக்காரரும் மண்டியில வெள்ளப்பூண்டு போட்ட கையோட மதுரைக்குப் போயி வாங்கிட்டு வந்தாரு. அதத் தாம்பாளத்துல வெத்தல, மஞ்ச, பூமாலையோட வச்சு சபையில நீட்டினோம். அம்புட்டுத்தான். செத்த மாட்டுத்தோலக் கொண்டாந்து பூ மேல வச்சுட்டாங்களேன்னு அந்தம்மா கத்துன கத்துல மேளக்காரங்க நிப்பாட்டிட்டாங்க.

எங்களுக்கு என்னண்ணே தெரியும்? வில்பட்டியில எங்க தெருவுல வாச்சு கட்டுன ஆளுன்னா வாத்தியாரு ஒருத்தருதான். தட்டுல வைக்கையில வாரக் கழட்டிட்டு வைக்கணும்னு எங்களுக்கு யாரு சொன்னா? தெரியாமச் செஞ்சுட்டோம்னு கால்ல விழாத கொறையாக் கேட்டோம். சரின்னு தாலியும் கட்டியாச்சு. அதோட விட்டிருக்கணுமா இல்லையா?

விடலையே. மாப்பிள்ளை ஞானவேலு இருக்காரே, அந்த மகராசன் சினிமாக் கொட்டகைக்குப் போறப்ப அதே வாச்ச அதே தோலோட கட்டிக்கிட்டுப் போவாரு. அப்ப தீட்டு இல்ல. வெள்ளனே பூக்கட்ட ஒக்கார்றப்ப மட்டும் தொடமாட்டாரு. ஆனா வாச்சு ஓட்டம் நின்னுரக் கூடாது. அதுக்குச் சாவி கொடுக்குறது எம்மக சோலி. கொடுத்தாத் தீட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் அடுப்படிக்கு வரணும். கொடுக்காட்டித் திட்டு. அவ என்னதான் செய்வா?

பாலு திரிஞ்சாத் தோலு. மாப்பிள்ளைக்குக் காய்ச்ச வந்தாத் தோலு. வயித்துல ஒண்ணும் தங்கலையே, அதுக்கும் இந்தத் தோலுதானாம். நான் ஒண்ணு கேக்குறேன், சாமி பொறப்பாட்டுக்கு முன்னால தவுலு அடிக்கிறாங்களே, அத என்ன வாழையெலையிலயா இழுத்துக் கட்டிருக்கு? சாமி அதக் கேட்டுக்கிட்டுத்தான வருது? இதக் கேட்டா மலைக்காட்டுச் சனத்துக்கு வாய் நீளங்கிறாங்க. ஆமா, நீளந்தான்.

பேசி முடிச்சாச்சுண்ணே, பேசாம என்ன? போன மாசம் வாரையும் அறுத்து, வாச்சையும் எம்மகளையும் சேத்து எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க. அப்புறம் நாலு பெரிய மனுசங்க ஒக்காந்து பேசுனாங்க. வாச்ச மஞ்சத்தண்ணியில கழுவி, செயினப் போட்டு, புள்ளையோட அனுப்பிவிட்டா ஏத்துக்குவாங்களாம். வாச்சக் கழுவுனா ஓடுமா? நீங்களே சொல்லுங்க. கூட்டிட்டுப் போக மாப்பிள்ளையே வந்திருக்காரு. எங்க வீட்டுக்காரரோட பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து போண்டா திங்கிறாரு. வத்தலக்குண்டு பஸ்ஸு வரவும் ஏறணுமாம், நான் செயினப் போட்டுக்கிட்டு வெரசா வரணுமாம்.

ம், இந்தச் செவலை நெறத்து வாரு. இதக் குடுங்க பாப்போம். கனமாத்தான் இருக்கு. இதையே மாட்டுங்க. ஓட்டைய இன்னும் உள்ள தள்ளிப் போடுங்க. பத்தாது, இன்னும் தள்ளி. மாப்பிள்ளை கைக்கு எட்டாதா? அவரு கைக்கு யாரு போடச் சொன்னா?

அன்னக்கொடி, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன செய்யுற, உள்ள வா ஆத்தா. இவ கைக்குத்தாண்ணே. திங்கக்கெழமையிலருந்து பள்ளிக்கூட ஆஸ்டல்ல சமையலுக்கு வரச் சொல்லிட்டாங்க. நான்தான் போய்ச் சொல்லி வச்சேன். வரும்போது ரோட்டுல நிறுத்தி இவகிட்டயும் கேட்டேன், பஸ்ஸுக்கா ஆஸ்டலுக்கான்னு. ஆஸ்டலுக்குன்னா. இனிமே வில்பட்டியிலருந்து விடியுமுன்னே கெளம்பி நடக்கணும், வாச்சு வேணாமா?

பஸ்ஸு வந்தா அவரு ஒத்தையில ஏறிப் போகட்டும். எங்க வீட்டுக்காரரு கத்துவாருன்னு எனக்கும் தெரியும். கத்திட்டு வீட்டுக்குத்தான வரணும், சோத்துக்கு எங்க போவாரு?

அண்ணே, அந்தக் கையில வேணாம். எல்லாரும் எடது கையிலதான் கட்டுவாங்க, சரிதான். நீங்க வலது கையிலயே கட்டிவிடுங்க. ஒரு நாள் இவ வாச்சுக்குச் சாவி கொடுத்துட்டு, மறந்தாப்புல போயி சாமிக்குக் கட்டுற பூவத் தொட்டுட்டா. அதுக்கு மாமியாக்காரி எடது கையப் புடிச்சு, கரண்டியக் காய்ச்சி வச்சுட்டா. மாப்பிள்ளையும் பக்கத்துலதான் நின்னாராம். அந்த எடம் இன்னும் சலம் வச்சுக்கிட்டுக் கெடக்கு. இவங்கப்பாகிட்டக் காட்டினேன். ஆறிரும்னாரு.