குதிரு மேல ஒக்கார்றதுக்கு ஒரு ஆளு

…அது கூடப் பரவால்ல சார். எனக்குப் பதிலா நடிக்க மெட்ராஸ்லேர்ந்து லீலான்னு ஒரு பொம்பளைய புக் பண்ணிட்டானுங்க, போவட்டும். அவளுக்கு ஜாக்கெட்டயும் நானே தெச்சுக் குடுக்கணுமாம். நாடக சபா செக்ரட்டரி பரசுராமன் அளவு ஜாக்கெட்ட அதோ அந்த ஆணில மாட்டிட்டுப் போயிட்டான். பாக்கப் பாக்க வயிறு எரியுது. கைய தூக்குங்க. நீங்கதான படப்பை ஸ்கூலுக்குப் புச்சா வந்துகீற இங்கிலீஷ் வாத்தியாரு? அப்ப ஒங்ககிட்டதான் நாயம் கேக்கணும். திரும்புங்க.

அது இங்கிலீஷ் நாடகம் சார். முந்நூறு வருசத்துக்கு முன்னால லண்டன்ல எவனோ எழுதன தமாஷு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். வெள்ளக்காரன் கெளம்பிப் போன கொஞ்ச வருசத்துல, மிஷன் ஸ்கூல் லூர்தம்மா டீச்சரு புக்கப் பாத்துப் பாத்துத் தமிழ்ல சொல்லி எங்கள நடிக்க வெச்சாங்க. கத ஒண்ணும் பெரிசு இல்ல. ஒரு சந்தேகப் பேர்வழி, ஊருக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு, வூட்டுக்குள்ளயே ஒரு பீப்பாயில பூந்துக்குறான், வேவு பாக்க. அவளுக்குத் தெரிஞ்சுபோவுது. மூடியப் போட்டு மேல ஏறி ஒக்காந்துக்குறா. அப்பறம் எழுந்துக்கவே மாட்டா. நாடகம் பூரா அதான்.

நாம பீப்பாக்கு எங்க போறது? நெல்லுக் குதிர வெச்சோம். உள்ள ரைஸ்மில்லு நாகப்பன். மேல ஒக்கார்ற பொண்டாட்டி… நான்தான் சார், இந்தக் கன்னியப்பன். அன்னியிலேர்ந்து போன வருசம் வரிக்கும் நான் ஒருத்தன்தான் ஒக்காந்தேன். இடுப்பு லூசா வெக்கட்டா?

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்… ஆங், குதிரு. அப்பறம் கோயில் திருவிழாவுல போடக் கேட்டாங்க. சாமி இல்லாத நாடகமான்னு தர்மகர்த்தா மல்லுக்கு நிக்கிறாரு. சரின்னு கடைசில முருகர வர வெச்சோம். மயிலோட வந்து, குதிரத் தொறந்து, நாகப்பனுக்கு புத்தி சொல்லிட்டுப் போவாரு. அடுத்த கிறிஸ்மஸ்க்கு சேரப்பணஞ்சேரி சர்ச்சுல கூப்ட்டாங்க. அங்க முருகர எப்டி சார் இட்டுக்கினு போறது? வேலப் புடுங்கிக்கினு முதுவுல ரெக்கயக் கட்டி உட்டோம், சம்மனசு ஆயிட்டாரு, அதான் சார், அவங்க தேவதூதரு. பழக்கதோஷம், எறங்கிப் போம்போது ஃபாதருக்கே துன்னூறு குடுத்துட்டாரு.

கம்பெனி ஆயுத பூஜைக்கும் போட்டோம். அங்க குதிருக்கு பதிலா ஆயில் டிரம்மு. புருசன் சூப்ரவைசராம், நைட் ஷிப்ட்டுன்னு சொல்லிட்டு ஒளிஞ்சிக்குவான். லைன்ல வேல செய்ற பசங்க, எழுந்துக்காதக்கா, இன்னும் நல்லா அமுத்துன்னு கத்தறானுங்க. அவனுங்க சூப்ரவைசரு முன்னால ஒக்காந்துக்கினு கீறாரு, மூஞ்சி போற போக்க பாக்கணுமே. டிரம்ம எவனும் கழுவல. நாகப்பன் வெளிய வந்தா தலயிலேர்ந்து கால் வரிக்கும் ஆயிலு. எமதர்மராசா வந்துட்டாருன்னு ஜனம் கைதட்டுது. நேரா நில்லுங்க சார், தோளு ஒரு பக்கம் எறங்குது.

நாயம் இன்னான்னா, லண்டன்லயே அந்தக் காலத்துல ஆம்பளப் பசங்கதான் பொம்பள வேசம் கட்டனானுங்களாம். டீச்சரு சொன்னாங்க. நடுவுல நாடகக் கொட்டாயயே இழுத்து மூடிட்டானுங்களாம். அப்பறம் ஒரு ராசா வந்து தொறந்து, பொம்பள வேசத்த பொம்பளைங்களே கட்டட்டும்னுட்டாராம். அந்த ராசாவால எத்தினி பேரு பொழப்பு போயிருக்கும், சொல்லுங்க. அங்க ஒரு ராசா, இங்க ஒரு பரசுராமன்.

இன்னா சார் கேட்டீங்க? நானே வாணாம்னு சொல்ட்டேன்னா? யாரு சொன்னது ஒங்களுக்கு? டீக்கடையிலயா… சரி, சொன்னேன். மீட்டிங்ல நான்தான் எழுந்து, எனக்கு வயசாச்சு, இந்த வருசம் வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப? வருசா வருசம் சொல்றதுதான அது. நான் மாட்டேன்னுவேன். பழைய செக்ரட்டரி வெத்தல பாக்குத் தட்டோட வூட்டுக்கு வருவாரு. அப்பவும் மாட்டேன்னுவேன். நாகப்பன் வருவான், நீ மேல ஒக்காரலன்னா நான் உள்ள எறங்க மாட்டேன்னு கண்ணு கலங்குவான். காந்திமதி, அதான் எம் பொஞ்சாதி, எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுக்கும். மூணாவது தபா கேட்டாதான் சரின்னுவேன். அதான் சார் மொற. பொம்பள வேசம் கட்றவன் கேட்ட ஒடனே தலயாட்டிட்டா அவனுக்கு இன்னா மதிப்பு?

இந்தப் புது செக்ரட்டரிக்கு அது தெரியல. சரிண்ணே, ரெஸ்ட் எடுங்கன்னுட்டான். நான் சலவ வேட்டி கட்டிக்கினு வூட்ல ஒக்காந்துகீறேன், தட்டு வரும், தட்டு வரும்னு. வரல. அளவு ஜாக்கெட்டுதான் வந்துச்சு. அழுதுட்டேன் சார், சொல்ல வெக்கமாத்தான் கீது. மத்த நாள்ல நான் குனிஞ்சு ஊசி கோக்குற ஆளு, எவன் பாக்குறான்? அந்தக் குதிரு மேல ஏறி ஒக்காந்தா ஊரே என்ன அண்ணாந்து பாக்கும். நாளன்னிக்கு நாடகம். நான் எங்க போயி ஒக்கார்றது?

இருங்க, அதோ பரசுராமனே ஓடியாறான். இன்னாப்பா, இப்டி மூச்சு வாங்குது? தந்தியா? கேட்டீங்களா சார், லீலாவுக்கு காச்சலாம், வரலியாம். அய்யோ பாவம். அதுக்கு நான் இன்னா செய்யணும்… இன்னாது, நானா? நானே ஒக்காரணுமா?

சே சே, எனக்கு எதுக்குப்பா. வயசாச்சு. வேற யாரனா பாத்துக்க, போ.

…சார், எங்க போறான் அவன்? சரிண்ணேன்னுட்டு எறங்கிட்டான்? பூக்கார பாஞ்சாலியக் கேட்டுப் பாக்குறானாமா? டேப்ப உடுங்க சார், காலத் தூக்குங்க, நான் போவணும். டேய் பரசுராமா, நில்றா. இன்னும் ரெண்டு தபா கேக்கணும்டா.