ஜூம் இல்லாத கேமரா

சின்னக் கேமராவில் ஜூம் இல்லாததே நல்லது, ஐயா. ஜூம் இருந்தால் ஆள் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டான்.

வாக்குமூலத்தை நீங்கள் எழுதி நான் கைநாட்டு வைக்க வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று கேட்டேன். சம்மதித்தீர்கள், நன்றி. என் எழுத்து பெரிது. நிறையத் தாள் செலவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா அணைக்கட்டு வேலைக்காக மலை மலையாக இழுத்துக்கொண்டு திரிந்ததில் சின்ன வயதில் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. தலை நரைத்த பிறகுதான் மாலைப் பள்ளியில் சேர்ந்தேன். "தெய்ஜி சான், எழுத்தக் கட்டத்துக்குள்ள அடக்குங்க. அது பாட்டுக்கு வெளிய நடக்குது பாருங்க" என்று ஹிராயே டீச்சர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். சாரம் கட்டுகிற கை. அடங்காது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலைக்கும் போட்டோ எடுக்க வேண்டும். படத்தில் ஒரு சின்னக் கரும்பலகை இருக்க வேண்டும். வேலை, இடம், நிலை என்று அதில் மூன்று கட்டம். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். எங்கள் சைட்டில் அந்த ஒருவன் நான். எழுதுவதும் படம் எடுப்பதும் சூப்பர்வைசர் செரிசாவா. என் மகன் வயதுதான் இருக்கும். என்னைப் பெருசு என்பார்.

எனக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் ஒருநாள் பலகையில் எதையோ எழுதி என் கையில் கொடுத்தார். "பெருசு, பல்லக் காட்டு" என்றார். காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, எந்த சைட்டுக்குப் போனாலும் கொட்டகைச் சுவரில் ஏறியது. "இது நம்ம ராசிப் படம்" என்றார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஒரு பிரதி கேட்டு வாங்கி, ஃபுகுவோகாவில் இருக்கும் என் மகள் சிசுருவுக்கு அனுப்பினேன். அதற்கப்புறம் அவள் என் போனை எடுக்கவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலைப் பள்ளி தொடங்கிக் கொஞ்ச காலம் கழித்து, ஒரு மதியம் சோற்று டப்பாவைத் திறந்தபடி அந்தச் சுவரைப் பார்த்தேன். வாசிக்க வந்தது. இடம்: தலை. நிலை: உள்ளே காலி, நிரப்பிப் பயனில்லை.

சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். படத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. எனக்குக் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில் செரிசாவாவின் கேமரா உடைந்தது. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒன்றாக, பாக்கெட்டில் அடங்குகிற உயர்தரமான ஒன்று வேண்டும் என்றார். சைட்டில் எடுக்கும் வீடியோக்களை இணையத்தில் போடுவது அவருக்குப் பிடிக்கும். உமேதாவில் ஒரு கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "எடுத்துப் பாக்க ஒரு மூஞ்சி வேணும்ல" என்றார்.

கடைக்காரப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்றில் ஜூம் உண்டு. நடந்துகொண்டே வீடியோ எடுத்தாலும் ஆடாது. மற்றதில் ஜூம் இல்லை, ஆனால் படம் துல்லியம்.

"இதுல ஆளு பெருசாத் தெரியணும்னா கிட்டப் போகணும் சார். எல்லாரும் படத்துல அடங்கணும்னா பின்னால போகணும். நம்ம காலுதான் ஜூம்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசானது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

என் முகத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். கண் வந்தது, பிறகு இமை, பிறகு இமையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூள். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்றாள்.

"அடச்சீ, பெருசோட மூக்கு மசிரக்கூட எண்ணலாம் போலிருக்கே" என்றார் செரிசாவா. ஆனாலும் கை ஜூம் கேமரா பக்கமே போனது. நான் அவருக்கு யோசனை சொல்கிற வழக்கமில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"சார், ஜூம் வெச்சிருக்கிறவன் ஊர் சுத்திப் பாக்க வந்தவன். உங்க கைக்கு இதுதான் அழகு."

"பார்ரா, பெருசுக்கு வாய் மொளச்சிருச்சு."

அதையே வாங்கினார். திரும்பும் வழியில் எனக்கும் ஒரு கிண்ணம் ஊடோன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். சூப்பைக் கடைசிவரை குடித்தேன். அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

பிறகு நான் பள்ளிக்குப் போகும் சங்கதி அவர் காதுக்கு எட்டியது. "நாளைக்குப் போர்டை நீயே எழுது பெருசு. நீ எழுத்துக்கூட்டி வாசிக்கிறத வீடியோ எடுத்துப் போடுறேன். ஊரே சிரிக்கட்டும்."

"சரி சார்" என்றேன்.

அது சாரம் பிரிக்கும் வாரம். காலையில் மற்றவர்களுக்கு முன்னால் ஐந்தாம் அடுக்குக்கு ஏறினேன். நடைபலகை முடிகிற முனையில் குறுக்கே இருந்த கைப்பிடிக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தேன். பிறகு உட்கார்ந்து கரும்பலகையை எழுதினேன்.

அவர் வந்து என் எதிரே நின்றார். அவர் முதுகு முனைப் பக்கம். இடுப்புக் கொக்கியை எதிலும் மாட்டவில்லை. கொக்கி கூலிக்காரனுக்கு என்பது அவர் எண்ணம். எனக்குப் பின்னால் நின்ற இருவர் அப்போதே இளிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"வாசி."

"வேலை: சாரம் பிரித்தல்" என்று வாசித்தேன்.

"இரு, இரு. ஹெல்மெட் வெட்டுப்படுது. பின்னால போய்க்கிறேன். நான் சொல்றவரைக்கும் வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திரையில் வைத்தபடி பின்னால் போனார். "போர்டைத் தூக்கிப் பிடி" என்றார். தூக்கினேன். இன்னும் பின்னால் போனார். சொன்னதைச் செய்கிறவன் நான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வலையில் சிக்கிக் கேமரா மட்டும் பிழைத்தது.

நேற்று அந்த வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். கடைக்காரப் பெண் பொய் சொல்லவில்லை. கரும்பலகையின் அடியில் அரிசி அளவில் இருந்ததை நீங்களே வாசித்தீர்கள். இடம்: நடைபலகை முனை. நிலை: கைப்பிடி கழற்றப்பட்டது. ஆமாம், கழற்றியவன் நான்தான். எதையும் மறைக்கவில்லை. எழுதி அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவர் சின்ன வயதிலிருந்து படிக்கத் தெரிந்தவர். கிட்டே வந்திருந்தால் படித்திருக்கலாம்.

முதல் வரி கட்டத்தை மீறி உள்ளங்கை அகலம் இருக்க, மற்ற இரண்டும் ஏன் இத்தனை சிறியவை என்று கேட்டீர்கள். சாக்பீஸ் கூராக இருந்திருக்கும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படத்தில் ஒரு பிரதியை ஹிராயே டீச்சருக்குக் கொடுங்கள். இன்னொன்றைச் சிசுருவுக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை எழுதியது அப்பாதான் என்று சொல்லுங்கள். கடைசி இரண்டு வரியில் எழுத்து கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது.