நின்ற இடத்தில் ஓட்டம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மதுரையில் மூன்று கடை போட்டதெல்லாம் அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டே கற்ற வித்தைதான். அப்பேர்ப்பட்ட எனக்கே வண்டியூர் பஸ்ஸில் காதில் விழுந்த இந்தப் பேச்சு புதிது.

“மாப்ள, ஓடணும், ஆனா நின்ன எடத்த விட்டு நகரக் கூடாது.”

என் சீட்டை ஒட்டி இரண்டு இளவட்டங்கள் நின்றார்கள். அதில் மாப்ள எனப்பட்டவன் முகம் வாடியிருந்தது.

“ஒரு கால் வழுக்குறப்ப இன்னொண்ணு மேல வரணுமாம்ல. எனக்கு ரெண்டும் சேந்தே போகுதுடா.”

“பெங்களூரு டிஜே விழாவுல அம்புட்டுப் பேரும் அந்த டான்ஸத்தான் ஆடுவாய்ங்க. நீ போய்க் குத்து போட்டா, கட்டிக்கப்போற புள்ள என்ன நெனைக்கும்?”

“சொல்லியே புட்டா. போன தடவ மாதிரி குத்து போட்டா, பக்கத்துலயே நிக்காதன்னு.”

தெப்பக்குளம் வளைவில் ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே பாய, டிரைவர் பிரேக்கை மிதித்தார். மாப்ள கம்பியைப் பிடித்துத் தொங்கினான். ஆள் நின்ற இடத்தில் இருக்க, கால்கள் மட்டும் மாறி மாறி வழுக்கி ஓடின.

“அதான்டா ஸ்டெப்பு!” என்று கத்தினான் கூட்டாளி.

மாப்ள மூச்சு வாங்கிக்கொண்டே முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“டிரைவர் அண்ணே, அதே மாதிரி இன்னொரு பிரேக் போடுங்கண்ணே!”