வேலியோரச் செவ்வரத்தை

துணுக்காய்க்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாகக் குடியேற்றக் காணிக்கு வந்தவள். மற்றவள் அவளுக்கு அந்தப் பஸ்ஸில்தான் அறிமுகம்.

“செவ்வரத்தைப் பூமரத்தின்ர இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது, அக்கா.”

“எத்தினை தரம் தண்ணி விடுறீர்?”

“விடிய, மத்தியானம், பின்னேரம். இடையிலயும் விடுவன்.”

“இது களிமண், பிள்ளை. வேர் அழுகுது. ரெண்டு நாளைக்கு ஒருக்காப் போதும்.”



“அது வேலியோரம் நிக்குது, அக்கா. அவர் வயலுக்குப் போனால் கதைக்க ஆளில்லை. அங்க தண்ணி விடேக்கைதான் றோட்டால போற ஆக்களின்ர கதை கேக்கும்.”

மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அந்த வேலியோரமாவே, கொஞ்சம் தள்ளி வாழை வையும். அது எவ்வளவு விட்டாலும் குடிக்கும்.”

“எத்தினை வாழைக்குட்டி வைக்கலாம், அக்கா?”